ஸ்ட்ரைக்கர்

அம்மா கன்னி. சிவகாசியிலிருந்து பட்டாசு லாரியில் வந்தது.
அப்பன் யாரென்று அத்திப்பட்டில் கேட்காதே,
ரயில்வே கேட்டில் படுத்திருக்கும் எந்த நாயும்
தான்தான் என்று வாலாட்டும்.
கஜபதி அதைக் கேரம் போர்டுக்கு அடியிலேயே வளர்த்தான்.
குழியில் காய் விழுந்தால் காதைத் தூக்கும்.
அதனால் அந்தப் பெயர்.

பகல் வேட்டைக்கு ஒன்றும் வேண்டாம்.
பேச்சு கூட வேண்டாம்.
சாம்பல் ஏரிக் கரைமேல் நிற்போம்.
அனல்மின் நிலையம் துப்பித் துப்பி
காய்ந்து பாளம் பாளமாய் வெடித்த வெள்ளை.
சீமைக்கருவேல ஓரத்தில் ஒரு பழுப்பு நகரும்.
நமக்குத் தெரியும் முன்னே
நாயின் கழுத்துக்குத் தெரிந்துவிடும்.
கயிற்றில் ஒரு நடுக்கம் ஏறும்,
ஈரக்கையால் மீட்டர் பெட்டியைத் தொட்ட மாதிரி.
அப்புறம் கயிறு மட்டும் கையில் இருக்கும்.

தின்பதற்கா என்று கேட்டாள் என் மனைவி ஷகிலா.
இல்லை.
ஓட்டம் பார்க்க.
அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.
முதுகு வில்லாகும், நாணாகும், மறுபடி வில்லாகும்.
தரையைத் தொடாத நேரம்தான் அதிகம்.
சாம்பல் எழும்பி நிற்கும், நாய் அதில் இருக்காது.

நரி வேகமில்லை.
இடது என்று காட்டி வலது போகும்,
துருப்பிடித்த பைப்லைனுக்குக் கீழே ஒருமுறை,
அதன் மேலேறி ஒருமுறை,
நாய் திரும்பி முடிப்பதற்குள்
நின்று ஒரு பார்வை வேறு பார்க்கும்.
பத்துக்கு எட்டு ஆட்டம் அதற்கே.

பிடித்த ஒன்றின் வாயைப் பிளந்தோம்.
மணலி சீட்டுக் கம்பெனிக்காரர்
கல்லாவில் வைக்க நரிப்பல் கேட்டிருந்தார்.
பல்லிடுக்கில் நண்டுக்கால்.
காலையில் முகத்துவாரத்தில் ஷகிலா பேரம் பேசி வாங்கினாளே
அதே நண்டு.
பல்லைப் பிடுங்கினோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவில் ஓடுவது வெளிச்சம்.
நாய் அதன் பின்னால்.
பைக் பேட்டரி தேசப்பன் முதுகில், விளக்கு என் கையில்.
மெல்லத் துழாவினால் எங்கோ இரண்டு பொறி.
உயரத்தில் இருந்தால் மாடு.
அங்கேயே நின்று முறைத்தால் பூனை.
நரி ஒருமுறை பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும்,
இருட்டு அதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

அன்று பொறிகள் ஆறு.
புல்லுயரம்.
திரும்பவில்லை.
விளக்கென்றால் என்னவென்று
இன்னும் யாரும் சொல்லித் தராத கண்கள்.
"ஆட்டாத, அப்டியே புட்சிக்கோ" என்றான் கஜபதி,
என்னும்போதே கயிற்றை விட்டிருந்தான்.

ஒயர் கழன்றுவிட்டது என்று சொன்னேன்.
கழன்றதா, கழற்றினேனா என்று
தேசப்பன் இன்றுவரை கேட்கவில்லை.
கறுப்பில் நாயின் மூச்சு மட்டும் போனது.
பிறகு இரும்பில் ஏதோ மோதிய சத்தம்.
பிறகு நான் அதுவரை கேட்டிராத குரல்.
விளக்கை மறுபடி மாட்ட
என் விரல்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது.

மாதவரம் டாக்டர் முன்னங்கால் ஒன்றை எடுத்தார்.
கஜபதி என்னோடு ஆடுவதில்லை,
நான் போனால் போர்டில் பவுடர் தூவிக்கொண்டே இருக்கிறான்.
நாய்தான் வருகிறது, மூன்று காலில்,
வந்து என் முழங்காலில் தலையைச் சாய்க்கிறது.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆறு மணி ஷிப்டுக்குப் போகையில்
நிலக்கரி பெல்ட்டுக்குக் கீழே சில நாள் ஒரு நரி நிற்கிறது.
நரி முகத்தில் முழித்தால் யோகமாம்.
கான்ட்ராக்ட்காரன் அன்றும் அதே கூலிதான் தருகிறான்.
அது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.
கையைப் பார்க்கிறது.
தூக்குச்சட்டியை இடக்கைக்கு மாற்றி
வலக்கையை விரித்துக் காட்டுகிறேன்.
உள்ளே நண்டுக் குழம்பு.
காற்று அதன் பக்கம்தான் வீசுகிறது.